மாடிக்கு வழி இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

கட்டப்போகும் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கதவு, சன்னல் எல்லாம் எண்ணித் தருவது என் வேலை. அதை வைத்துத்தான் முதலாளி டெண்டருக்கு விலை போடுவார். எண்ணியதும் மனதுக்குள் அந்தக் கட்டடத்தில் நடந்து பார்ப்பேன். நேற்று டெண்டர் உறையை ஒட்டும்போது அப்படி நடந்தேன். மாடிக்கு ஏற முடியவில்லை. படிக்கட்டை எண்ணாமலே விட்டிருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயந்தாலும், எப்போதும் வாயே திறக்காத நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயா, மேல போக வழியே இல்லைங்க."

"பறந்து போகச் சொல்றியா?" என்று உறையைப் பிரித்தார். "நல்லவேளை, இன்னைக்காவது வாயத் தொறந்தே. உக்காந்து எண்ணு."

முதலாளி கூப்பிடுகிறார். நம் வாசலிலிருந்து உன் பாய் வரை எத்தனை காலடி என்று எண்ணி எழுது. தினமும் மனதுக்குள் வருகிறேன். கணக்கு மறந்து வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

உன் மகள்