முன்னாடி நாப்பத்தொன்பது, பின்னாடி ஐம்பத்துநாலு

செம்பாக்கம்
3-6-1988

அன்புத் தம்பி அரிகிருஷ்ணனுக்கு அக்கா தையல்நாயகி எழுதுவது.

இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. மஸ்கட்ல வேளைக்குச் சாப்பிடறியா? போன கடுதாசிக்கு நீ பதிலே போடல. அந்தக் கோபத்தை அப்புறம் வெச்சுக்கறேன்.

உன் மாமா ஜீப் பிக்கப்புக்கு லாரி டயர் மாட்டிட்டார். பல்லாவரம் பக்கம் ஒரு கல் குவாரியில தண்ணி பீப்பாயும் ஆளுங்களும் ஏத்தி இறக்கற வேலை. சின்ன டயர்னா வண்டியோட அடி கல்லுல இடிக்குதாம். வண்டி இப்ப யானைக்குட்டி மாதிரி நிக்குது, தெருவே வந்து பார்த்துட்டுப் போகுது.

நேத்து அங்க சோறு எடுத்துக்கினு போனேன். கண்ணால பார்த்தேன்டா. பள்ளத்துலேருந்து மேல வர்ற ஏத்தத்துல பாதி வரைக்கும் வந்துது. முக்கிச்சு, முனகிச்சு, நின்னுது. அப்புறம் மெதுவா பின்னாடியே உருள ஆரம்பிச்சுது. பின்னாடி எட்டு ஆளு. ஒரு பக்கம் தென்னைமர ஆழத்துக்குப் பள்ளம். லாசரஸ்னு ஒரு கல்லுடைக்கிறவர் குதிச்சு, சக்கரத்துக்கு அடியில கல்லைத் தள்ளினார். அதனால நின்னுது. நான் ஓன்னு கத்திட்டேன். உன் மாமா இறங்கி வந்து, "இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற? இதெல்லாம் சகஜம்"னார். சொல்லிட்டு அந்தக் கல்லை நாலு தடவை உதைச்சுப் பார்த்தார்.

நீ அங்க இந்த மாதிரி வண்டிதானே ரிப்பேர் பண்றே? டயர் பெரிசானா ஏன் இழுக்க மாட்டேங்குது? அவரைக் கேக்க முடியாது. திருவிழாவுல நாலு பேர் நடுவுல நீ "மாமாவுக்கு வண்டி ஓட்ட வராது"ன்னு சொன்னதுலேருந்து மூணு வருஷமா உன் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்துடறார். அதனால பதிலை நம்ம வீட்டுக்குப் போடாதே. ஏரிக்கரை காலனி வேதா டீச்சர் வீட்டுக்குப் போடு.

உன் அக்கா,
தையல்நாயகி


மஸ்கட்
16-6-1988

அன்புள்ள அக்கா,

உன் கடுதாசி கிடைச்சு ரெண்டு நாளா சோறு இறங்கல. பதில் போடாதது தப்புதான், வந்து காலைப் பிடிக்கறேன்.

விஷயம் இதான். பின் ஆக்ஸிலுக்குள்ள கிரவுன்னு ஒரு பெரிய பல் சக்கரமும் பினியன்னு ஒரு சின்னதும் இருக்கு. நடுவுல ஓடற ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தினா டயர் ஒரு சுத்து சுத்தும்ங்கறது அந்த ரெண்டோட பல்லு கணக்கு. அதான் ரேஷியோ. டயர் பெரிசாச்சுன்னா ஒரே சுத்துல வண்டி அதிக தூரம் போகணும், எஞ்சினுக்கு அந்த தம் பத்தாது. டயரை மாத்தினவர் கிரவுனையும் மாத்தியிருக்கணும்.

இப்ப எது இருக்குன்னு நீயே எண்ணிடலாம். வண்டியை நியூட்ரல்ல போட்டு, மத்த சக்கரத்துக்கெல்லாம் கல்லு வை. பின் டயர் ஒண்ணை மட்டும் ஜாக்கில தூக்கு. டயர்லயும் ஷாஃப்ட்லயும் சாக்பீஸால கோடு போட்டு, டயரை இருபது சுத்து சுத்து. ஷாஃப்ட் நாப்பத்தொன்பது சுத்து வந்தா முப்பத்தொன்பது பல்லு கிரவுன், அந்த டயருக்கு ஆகாது. நாப்பத்திமூணு பல்லு போடணும். அது ஐம்பத்துநாலு வரும். மெக்கானிக் யாரா இருந்தாலும் அவர் யோசனைன்னு மாமாகிட்ட சொல்லச் சொல்லு. என் பேர் வேணாம்.

தம்பி,
அரி


செம்பாக்கம்
4-7-1988

அன்புத் தம்பிக்கு,

எண்ணிட்டேன்டா! மாமா அஸ்தினாபுரம் கல்யாணத்துக்குப் போன நேரத்துல. வேதா டீச்சர் ஸ்கூல் சாக்பீஸ் கொண்டாந்து, பாய் விரிச்சுப் படுத்து ஷாஃப்டை எண்ணினாங்க. நான் டயரைச் சுத்தினேன். சரியா நாப்பத்தொன்பது. டீச்சர் வீட்டுக்காரர் பார்த்துட்டு, "என்ன வேதா இது, ஆபீஸ் போற மனுஷன் மானம் போகுது"ன்னாராம்.

குரோம்பேட்டை மெக்கானிக் தனசிங்கிட்ட கெஞ்சினேன். அவன் தானே யோசிச்ச மாதிரி சொல்ல, மாமாவும் சரின்னுட்டார். புதுப்பேட்டையில அலைஞ்சு நாப்பத்திமூணு பல்லு செட் ஒண்ணு பிடிச்சான். ஒண்ணுதான் கிடைச்சுது, பின்னாடி போட்டான். "முன்னாடிக்கு அப்பால பாத்துக்கலாம்க்கா, ரோட்டுல முன் ஆக்ஸில் சும்மாதானே கீது"ன்னான்.

வண்டி இப்ப நல்லா இழுக்குது. ஏத்தத்துல மட்டும் முன் சக்கரத்தையும் இழுக்க வைக்கற முன் கியர் கம்பியைப் போட்டு நாலு சக்கரத்துல ஏறறார். அந்தக் கம்பி அப்புறம் லேசுல வெளிய வர மாட்டேங்குதாம், அடியில டக்கு டக்குன்னு சத்தமாம். புதுசுன்னா அப்படித்தான்னு சொல்றார். நேத்துதான் நான் நிம்மதியா தூங்கினேன். நீ நல்லா இருக்கணும்.

அக்கா,
தையல்நாயகி


மஸ்கட்
18-7-1988

அக்கா,

இதை என்கூட வேலை செய்யற, ஊருக்கு வர்ற ஸ்ரீநிவாசன் கையில கொடுத்து, மீனம்பாக்கத்துல இறங்கினதும் தபால்ல போடச் சொல்லியிருக்கேன். தந்தியில இத்தனையும் எழுத முடியாது.

முன்னாடி நாப்பத்தொன்பது, பின்னாடி ஐம்பத்துநாலு. ரெண்டும் ஒண்ணா ஓடவே கூடாது! முன் சக்கரம் ஒரு வேகம் கேக்கும், பின் சக்கரம் வேற கேக்கும். நடுவுல இருக்கிற கியர் பெட்டி மாட்டிக்கிட்டு முறுக்கும். கம்பி வராததும் சத்தமும் அதனாலதான். ஏத்தத்துல அது வெடிச்சா வண்டி எந்த கியர்லயும் நிக்காது. ரெண்டையும் மாத்தணும்னு மொதல்லயே எழுதாதது என் புத்தி கெட்ட தப்பு.

அந்தக் கம்பி எப்ப சிக்கும்னு சொல்ல முடியாது, முன் ஷாஃப்டையே கழட்டி வெச்சிடணும். இந்தப் பக்கம் நாலு நட்டு, அந்தப் பக்கம் நாலு. ஆனா அக்கா, கழட்டறதுக்கு முன்னாடி மாமாகிட்ட சொல்லு. முன் இழுவை இல்லன்னு தெரிஞ்சா பாரத்தைக் குறைச்சு ஏறுவார். தெரியாம ஏறினா அது இன்னும் மோசம். என் பேரைச் சொல்லியாவது சொல்லு. அடிச்சாலும் பரவாயில்ல, சொல்லு.

அரி


செம்பாக்கம்
24-7-1988, ஞாயிறு

தம்பி,

கடுதாசி வந்தது. மாமா முடி வெட்டிக்கப் போனப்ப நானே அடியில படுத்துக் கழட்டிட்டேன். எட்டு நட்டு. விறகுக்கு அடியில மறைச்சு வெச்சிருக்கேன். அவர் வந்ததும் சொல்லணும்னு மூணு தடவை வாயைத் திறந்தேன். "உன் தம்பிகிட்ட என் வண்டியைப் பத்திப் பேசறியா"ன்னு கேட்டுடுவாரேன்னு பயம். நாளைக்குக் காலையில சொல்லிடறேன்.

27-7-1988

அரி, நான் சொல்லல. திங்கட்கிழமை காலையில அவர் நான் குளிச்சு வர்றதுக்குள்ள கிளம்பிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் மழை, நனைஞ்சு வந்தவர்கிட்ட ராத்திரியும் எனக்குச் சொல்ல வாய் வரல. நேத்து ஏத்தம் வழுக்கல். நாலு சக்கரமும் இழுக்கும்னு நம்பி முழுப் பாரத்தோட ஏறினார். முன் கியர் போட்டார். ஒண்ணும் இழுக்கல. பின் டயர் சுத்திக்கினே நின்னுது, வண்டி பின்னாடி உருண்டு பாறையில மோதிச்சு. உன் மாமாவுக்கு இடது காலு ரெண்டு இடத்துல உடைஞ்சுது. கல்லு போடக் குதிச்ச லாசரஸ் பாதத்துல சக்கரம் ஏறிடுச்சு. உசுரு யாருக்கும் போகல. உசுரு போகல, போகலன்னு ராத்திரி பூரா சொல்லிக்கினே உக்காந்திருந்தேன்.

ஷாஃப்ட் இல்லாததைப் பார்த்துட்டாங்க. தனசிங்தான் கழட்டிட்டு மாட்ட மறந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் கடையை உடைச்சுட்டாங்க. அவன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, "யக்கா, நான் முன்னாடி கையே வெக்கல, நீ சொல்லுக்கா"ன்னு அழுதான். நான் தலையைக் குனிஞ்சுக்கினு உள்ள போயிட்டேன். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு.

தையல்நாயகி


மஸ்கட்
8-8-1988

அக்கா,

அழாதே. சாப்பிடு. நீ பயந்ததுக்கு ஆரம்பம் நான் திருவிழாவுல பேசின பேச்சு.

மாமாவுக்குத் தனியா ஒரு கடுதாசி இதுக்குள்ள வெச்சிருக்கேன். அவருக்குத்தான் எழுத்து தெரியாதே, நீயே படிச்சுக் காட்டு. எல்லாத்தையும் என் மேல போட்டு எழுதியிருக்கேன். எப்படியும் என்னோட பேசாதவர், இன்னும் கொஞ்ச வருஷம் பேசாம இருக்கட்டும். தனசிங் தப்பிக்கணும். உன் குடும்பம் நிக்கணும். ஒரு எழுத்து மாத்தாம படி.

அரி


செம்பாக்கம்
30-8-1988

அன்புத் தம்பி அரிக்கு,

நீ மாமாவுக்கு எழுதினதைப் போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி மத்தியானம் படிச்சுக் காட்டினேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கினு சுவத்துல சாஞ்சிருந்தார். "கழட்டச் சொன்னது நான், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்காவை மிரட்டினதும் நான்"னு நீ எழுதின இடம் வந்துச்சு. கண்ணு அதுலதான் இருந்துச்சு. வாய் வேற படிச்சுது. "மாமா, கழட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லுன்னுதான் அக்காவுக்கு எழுதினேன். அவ பயந்துக்கினு சொல்லாம விட்டுட்டா. தனசிங் மேல ஒரு தப்பும் இல்ல." கடைசி வரைக்கும் நீ எழுதாததையே படிச்சேன். வெறுங்கையோட சொல்ல எனக்கு இத்தனை நாள் தைரியம் வரல. உன் கடுதாசியைப் பிடிச்சுக்கினுதான் சொல்ல முடிஞ்சுது. மன்னிச்சுக்கோ.

அவர் அதை வாங்கி, என்னமோ படிக்கத் தெரிஞ்சவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். தனசிங்கைக் கூட்டியாரச் சொன்னார். அவன் கையைப் பிடிச்சுக்கினு அழுதார். ஊன்றுகோல் வெச்சுக்கினு லாசரஸைப் போய்ப் பார்த்துட்டு வந்தார். அப்புறம் உனக்கு எழுதச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லல, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "லீவுல வந்தா லாட்ஜுல தங்க வேணாம், நேரா வூட்டுக்கு வரச் சொல்லு. அவன் நல்லதுதான் சொல்லிகீறான்."

அதோட சரி. படிச்சுக் காட்டி பதினோரு நாள் ஆச்சு. சோறு போட்டா சாப்பிடறார். தண்ணி வேணும்னா டம்ளரைத் தட்டறார். ஏன்டி சொல்லலன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறார். கத்தினாலும் தாங்கிப்பேன். வண்டி வீட்டு வாசல்ல நிக்குது, மனுஷன் கண்ணு முன்னாடி இருக்கார், ஆனா பயம் மட்டும் போகவே இல்ல.

சீக்கிரம் லீவு போட்டு வா, அரி. உன்கிட்டயாவது பேசுவார். நான் அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்கறேன்.

உன் அக்கா,
தையல்நாயகி