நேரான பந்து

ஜனவரி 6, ஞாயிறு

பனி. கா. 9 மணிக்கும் பிட்ச்சில் விரித்த மேட்டிங் ஈரம். குடியாத்தம் அணியோடு கிரிக்கெட். நான் பூஜ்யம். தொடர்ந்து நான்காவது.

பெரிய பந்து ஒன்றும் இல்லை. நேராக, மட்டைக்கு வாட்டமாக வந்தது. போன வருடமாக இருந்தால் பவுலர் தலைக்கு மேல் போயிருக்கும். கை பாதியில் நின்றுவிட்டது. ஸ்டம்பு விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவுட் என்று தெரிந்தது.

பந்தலுக்குத் திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “இவனுக்கு இன்னாத்துக்குபா டானரில நெழல் வேலை?”

நியாயம்தான். தோல் பதனிடும் டானரியின் கிடங்கில் உட்கார்ந்து தோல் எண்ணும் வேலை, கம்பெனி அணிக்கு மட்டை பிடிப்பதற்காகக் கிடைத்தது.

7, திங்கள்

மானேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழம வேலூர் மேட்ச். அதுலயும் இப்டின்னா, பொங்கல் கழிச்சி சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய்டு. மொதலாளி சொல்லிட்டாரு.”

“சரிங்க.”

செய்ய வேண்டியவை: மட்டைக்கு எண்ணெய். இடது கால் பேடுக்குப் புது வார். வேலூரில் கண் டாக்டர். சரோஜாவுக்குத் தெரியக்கூடாது. மனைவிக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரி போகும் அளவுக்கு வந்துவிட்டேன்.

8, செவ்வாய்

அரைநாள் லீவு. பஸ்ஸில் வேலூர் வரை நின்றுகொண்டே. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். பலகையில் கடைசி வரி வரை படித்தேன்.

“கண்ணு ரெண்டும் நல்லா இருக்குது. பார்வ கம்மின்னு யாரு சொன்னா?”

இடிந்துபோனேன். கண் கெட்டிருந்தால் கண்ணாடி போட்டிருக்கலாம்.

வெளியே வந்தது, நவம்பரில் ரஹீமைத் தூக்கிவந்த அதே வராந்தா வழியாக.

இதுவரை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். சாயங்காலப் பயிற்சி. எங்கள் அணியின் பவுலர் ரஹீம், பத்து வருட தோஸ்த், போட்டான். நேரான பந்து. முழு பலத்தோடு அடித்தேன். அவன் நிமிர்வதற்குள் இடது கண்ணில். கம்பெனி லாரியில் அவன் தலை என் மடியில். “மட்டைல நல்லா பட்டுச்சிடா” என்றான். கண்ணை எடுத்துவிட்டார்கள். பந்து போட முடியாதவனைத் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

அவன் வந்துபோகும் வாசலில் நான் போவதில்லை. பின்கேட் வழியாகத்தான்.

10, வியாழன்

சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டையும் கண் டாக்டர் சீட்டையும் சரோஜா பார்த்துவிட்டாள்.

“உங்க கண்ணுக்கு இன்னா? மொதல்ல ரஹீம் அண்ணன போய்ப் பாருங்க. ரெண்டு மாசமாச்சி.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவளும் சாப்பிடவில்லை.

11, வெள்ளி

வெள்ளிதோறும் டானரி லீவு. மைதானத்தில் தனியாக மட்டை வீசிக்கொண்டிருந்தேன். ஜும்மா தொழுகை முடித்து ரஹீமே வந்தான். கண்மேல் பச்சைத் துணி. கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு.

“போடட்டா?”

“வேணாம் ரஹீம்.”

“என்னால நீ அவுட்டாவறேன்னு ஊரே சொல்லுது. நான் கேட்டனா?”

ஆறு பந்து போட்டான். இரண்டு மேட்டிங்குக்கு வெளியே போயின. மற்றதையெல்லாம் தடுத்தேன். கடைசிப் பந்து என் காலடியில் செத்து விழுந்தது. அவன் நடந்துவந்து அதை எடுத்து என் கையில் வைத்தான்.

“கண்ணு போனதுகூட போவுது. நீ பண்றதுதான் பேஜாரா இருக்குது. மன்னிச்சிடுன்னு கேளு. இல்ல, அடி.”

பந்தைப் பையில் போட்டேன். போய்விட்டான்.

13, ஞாயிறு

வேலூர். நல்ல வெயில். முதல் பந்து வெளியே போனது. இரண்டாவது நேராக. பவுலர் ஒரு நெட்டையன், ஓடிவந்த வேகத்தில் எனக்கு எதிரிலேயே வந்து நின்றான். யோசிக்கவில்லை. அடித்தேன். பந்து அவன் காதோரமாகப் பறந்தது. அவன் தரையில்.

நான்கு ரன். கைதட்டல். மட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“பட்டுச்சா? எங்க பட்டுச்சி?”

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சிரித்தான். “படலபா. நீ இன்னாத்துக்கு அழுவறே?”

அடுத்த பந்தில் ஸ்டம்பு போனது. எந்தப் பக்கம் வந்தது என்றே தெரியாது. மொத்தம் நான்கு. தோற்றோம். திரும்பும்போது லாரியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

14, திங்கள்

பொங்கல். சரோஜா ஒரு தூக்கில் பொங்கல் போட்டுக் கையில் கொடுத்தாள். ரஹீம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேட்டுவிட்டேன்.

“என்ன மன்னிச்சிடு ரஹீம்.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மன்னிச்சிட்டேன்னு வாய் சொல்லுது. உள்ள இன்னும் வரல. வந்தா சொல்றேன்.” தூக்கை வாங்கிக்கொண்டான். “அந்த நாலு ரன், எந்தப் பக்கம்?”

“நேரா.”

“ம்.”

16, புதன்

சுண்ணாம்புத் தொட்டி, முதல் நாள். நாற்றத்தைவிட எரிச்சல் மோசம். மட்டையை யாரிடம் ஒப்படைப்பது என்று மானேஜரிடம் கேட்க வேண்டும்.

மதியம் எருமைத் தோல் ஒன்று. தூக்க ஒருவனால் ஆகாது. “ரெண்டு பேரா புடிங்கடா” என்று மேஸ்திரி கத்தினார். ரஹீம் வந்தான். அவன் இடப்பக்கம் போய் நின்றேன்.

“அந்தப் பக்கம் நிக்காதே. எனக்குத் தெரியாது.”

வலப்பக்கம் மாறி நின்றேன். தூக்கினோம்.