வெள்ளை உறை

என்னைக் கேமராக்காரரே என்று கூப்பிடுகிறவளுக்கு,

போனில் பேச முகமில்லை, அதனால் எழுதுகிறேன்.

இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும் புதுக் கேமரா வரப்போகிறது என்று எட்டு மாதமாக உன் காதைத் துளைத்தேன். அது வந்த அன்று, அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய உன்னை, திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு அதன் முன்னால் சோதனைக்கு உட்காரவைத்தேன். உன் மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு வெள்ளை உறை இருந்தது.

"அதை அலமாரியில வைம்மா, வெளிச்சம் அடிக்குது" என்றேன்.

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். மறுநாள் "நீங்க வேலையைப் பாருங்க" என்று உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நேற்று ஸ்டூடியோவில், அன்று உன்னை எடுத்த படத்தைப் பெரிய திரையில் மூன்று முறை ஓட்டினேன். இருட்டில் எடுத்தால் வழக்கமாக மொய்க்கும் புள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா!" என்று துள்ளினேன். எடிட்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அண்ணே, அண்ணி அழறாங்க."

நான்காவது முறைதான் உன் முகத்தைப் பார்த்தேன். இருட்டில் யாருக்கும் தெரியாது என்றுதானே அழுதாய்?

உறை நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்துப் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னவானாலும் நீயே வந்து சொல். வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கேமராக்காரன்