ஈயம் ஒட்டிய பம்பரம்

ஞாயிற்றுக்கிழமை காலை சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பொம்மைக் கடையில் உன் மகள் தன் பம்பரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க மாமா" என்றாள். கண் பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. டியூபில் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாடை. புது பிளாஸ்டிக்கின் மணத்தை அமுக்கிக்கொண்டு அது மேலே வந்தது.

உனக்கு விவரம் சொல்கிறேன். எட்டாவது படிக்கும்போது உயிரைக் கொடுத்து ஆடினோமே, அந்தச் சண்டைப் பம்பரத்தை இப்போது புதுசாக மறுபடியும் இறக்கியிருக்கிறார்கள். மேல் வளையம், நடுத்தட்டு, அடிமுனை மூன்றையும் கழற்றி இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளும் அதே சங்கதிதான். கனமும் வேகமும் கொஞ்சம் கூடியிருக்கின்றன. கடைக்காரர் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டிப் போட்டி வைக்கிறார். போன ஆடியில் காமாலை உன்னைக் கொண்டுபோனதிலிருந்து உன் மகள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. இதை மட்டும் கேட்டாள். "அந்த எழவாலதானுங்ண்ணா அவரு கண்ணு போச்சு" என்று உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தும் பாராதவன்போல நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"உள்ள என்ன சாமி ஒட்டியிருக்கே?" என்று கேட்டேன்.

அவள் காதோடு சொன்னாள். "ஈயமுங்க மாமா. தாத்தா கடையில எடுத்தேன். யாருகிட்டயும் சொல்லீறாதீங்க. எங்கப்பாவும் இப்பிடித்தான ஒட்டுனாரு?"

கடைக்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் ஓடினாள்.

நாமக்கல்லில் உன் அப்பாவின் டயர் கடைக்குப் பின்னால், கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் சட்டிதான் நமக்குக் களம். சக்கரத்தைச் சமன்படுத்த ரிம்மில் அடிக்கிற ஈயத் துண்டுகள் கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். நீ வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: "ஈயத்த மட்டும் தொடப்படாது. எங்கப்பன் தோல உரிச்சுருவாரு." தொடாமலே நீ ஜெயித்தாய். உப்புத்தாள் வைத்து அடிமுனையை நாள் முழுக்கத் தேய்ப்பாய். விட்டால் உன் பம்பரம் நடுச்சட்டியில் நின்ற இடத்திலேயே சுற்றும். வாராவாரம் தோற்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நகம் அளவு ஈயத் துண்டு ஒன்றைத் திருடி, என் பம்பரத்தின் நடுத்தட்டுக்கு உள்ளே சொலூஷன் தடவி ஒட்டினேன்.

சொலூஷன் ரப்பரைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது என்று டயர் கடையில் வளர்ந்த உனக்குத் தெரியும். எனக்கு எங்கே தெரிந்தது? ஒட்டியது நீ இல்லை என்று அந்த ஒன்றை வைத்தே உன் அப்பா பிறகு சந்தேகப்பட்டிருக்கலாம். அவரும் பதறிப்போயிருந்தார்.

என் பம்பரம் கோணலாகச் சுற்றியது. நீ சட்டியின் மேல் குனிந்து, "டேய், உன்னுது ஒரு பக்கமாச் சாயுதுடா" என்றாய். அடுத்த நொடி தட்டுக்குள் இருந்து ஈயம் பிய்த்துக்கொண்டு பறந்தது. நீ இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாய். நான் முதலில் உன்னைப் பார்க்கவில்லை. மண்ணில் விழுந்து கிடந்த ஈயத்தைப் பார்த்தேன். அதை எடுத்து டவுசர் பைக்குள் போட்ட பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

உன் அப்பா ஓடி வந்தார். சட்டிக்குள் சொலூஷன் பிசுபிசுப்போடு கிடந்த தட்டைப் பார்த்துவிட்டு, "எவன்டா ஈயத்தத் தொட்டது?" என்று கத்தினார். கண்ணைப் பொத்தியபடியே, "நாந்தானுங்கப்பா" என்றாய்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தாய், படுபாவி. "உன்னியன்னா அடிச்சே கொன்னுருப்பாரு. என்னிய இப்ப அடிக்க முடியாதல்ல? கட்டுப் பிரிக்கட்டும், அப்பறமாச் சொல்லிக்கலாம்." கட்டைப் பிரித்தார்கள். பார்வை வரவில்லை. அதன்பின் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கனரக வண்டி ஓட்ட வேண்டும் என்று இரண்டு பேருமே அலைந்தோம். லைசென்ஸ் எனக்குக் கிடைத்தது. உனக்கு ஒரு கண் போதாது என்றார்கள். நீ அப்பாவின் கடையிலேயே உட்கார்ந்தாய். நான் சேலம் நாமக்கல் பஸ்ஸில் ஸ்டியரிங் பிடித்தேன். சாமான் வாங்கச் சேலம் வரும்போதெல்லாம் என் வண்டிக்காகக் காத்திருந்து, முன் சீட்டில் ஏறிக்கொள்வாய். "உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. மூணு கண்ணோட வண்டி போகுது, பயப்படாம அழுத்து" என்பாய். பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

கடையில் உன் மகளுக்கு எதிரே நின்றவன் அவளைவிடச் சின்னப் பையன். பம்பரங்கள் மோதும் கிண்ணத்துக்கு மூடி கிடையாது. அவன் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தான். கடைக்காரர் "மூணு" என்றார். தடுக்க வேண்டும் என்று தெரிகிறது. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டுமே என்பதும் தெரிகிறது. இத்தனை வருடம் கழித்தும், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், அந்த இடத்தில் நான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேனடா. "ரெண்டு" என்றார். பையன் இன்னும் குனிந்தான். "ஒண்ணு" என்று கேட்டபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, கிண்ணத்தின் மேல் கையை விரித்தேன். அதற்குள் அவள் பம்பரத்தைச் சுழலவிடும் வாரை இழுத்துவிட்டாள். பம்பரம் என் உள்ளங்கையைக் கிழித்தது. ஈயம் கழன்று கண்ணாடி அலமாரியில் டக்கென்று அடித்தது. பையன் பயந்து பின்னால் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங்க, பெரியவங்களே இப்பிடிப் பண்ணலாமுங்களா?" என்று கடைக்காரர் சத்தம் போட்டார். உன் மகள் அழுதாள். "எதுக்கு மாமா கெடுத்தீங்க? எங்கப்பா மாதிரி ஆடலாம்னு வந்தேன்."

"உங்கப்பன் ஈயத்தத் தொட்டதே இல்ல சாமி" என்றேன். கடை வாசலிலேயே வைத்து முழுவதையும் சொன்னேன். கையில் கட்டிய துணி நனைந்துகொண்டே இருந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பஸ் ஏறி நாமக்கல் வந்து சேர்ந்தோம்.

வீட்டில் உன் அப்பாவும் மனைவியும் இருந்தார்கள். அன்று டவுசர் பையில் போட்ட ஈயத்தை அதன்பின் என் டிரைவர் பையின் அடியில் வைத்திருந்தேன். அதை உன் அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் மனைவிதான் பேசினாள்.

"கோவம் வந்தா 'திருட்டுக் கை'ன்னு மாமனாரு அவரத் திட்டுவாரு. அவரு சிரிச்சுக்கிட்டே சோறு உங்குவாரு. நீங்க எத்தன நாளு பக்கத்துல உக்காந்து உண்டிருக்கீங்க? அப்பக்கூட வாய் வரலீங்களாண்ணா?"

வரவில்லை. அதைத்தான் சொன்னேன்.

உன் அப்பா ஈயத்தை மடியில் முடிந்துகொண்டு, "இனி இந்த ஊட்டுப் பக்கம் வராத" என்றார். சரிங்க என்று செருப்பை மாட்டினேன். வாசல் கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து உன் மகள் ஓடி வந்தாள். கையில் ஈயம் இல்லாத பம்பரம்.

"மாமா, அப்ப அன்னிக்கு ஜெயிச்சது யாருங்க?"

"உங்கப்பன்தான் சாமி. என் பம்பரம் தட்டுக் கழண்டு நின்னுபோச்சு. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினப்பவும் அவனோடது சட்டிக்குள்ள சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவள் உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "தாத்தா, எங்கப்பாதான் ஜெயிச்சாராம்!"

கை ஆறி, இன்றுதான் முதல் டிரிப் எடுத்தேன். ராசிபுரம் தாண்டும்போது இடது கண்ணாடியை இரண்டு தடவை பார்த்தேன். முன் சீட்டில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார். உன் குரல் மட்டும் கேட்டது, அழுத்து என்று. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். வண்டியில் இரண்டு கண்தானடா இருக்கிறது.