இருண்ட மூலையில் ஒரு துணை

அம்மாவுக்கு உன் விதாதின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? நோன்பைச் சாக்குச் சொல்லி மருந்தைத் தள்ளிப்போடாதே. நான் நலம், அபுதாபி வெயில்தான் ஆளை வறுக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டருக்குள் ஒரு பெட்டி வானத்தை உண்டாக்கி, அதில் நட்சத்திரக் கூட்டங்கள் பிறந்து வளர்வதைப் பார்ப்பதுதானே என் வேலை? ஒன்று மட்டும் இருண்ட மூலையில் தனியாகவே வளர்ந்தது. பாவமாக இருந்தது. அங்கிருந்து நேராகத் தேடிக்கொண்டே போனால், வெகுதூரத்தில் அச்சு அசலாக இன்னொன்று! துள்ளிக் குதித்து, கூட வேலை செய்யும் ஷுக்ரியைக் கூப்பிட்டேன்.

"அடி மண்டு! நம்ம பெட்டிக்கு வெளியேன்னு ஒண்ணு கிடையாதே. இந்தச் சுவரைத் தாண்டினா எதிர்ச் சுவர் வழியா உள்ளே வந்துடுவே. இது அதேதான், முதுகு தெரியுது!" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் வீட்டுக் குழம்பு வைக்க, காய்ந்த முலுக்கியாக் கீரை இலை அனுப்பு. உன் சால்வையையும், துவைக்காமல்.

தனியாக இருக்கிறேனே என்று கவலைப்படாதே. எதிர்க் கண்ணாடிக் கட்டடத்தில் ஒருத்தி இருக்கிறாள். நான் டீ குடித்தால் அவளும் குடிக்கிறாள், கையசைத்தால் அசைக்கிறாள். அங்கே இன்னும் யாருமே குடிவரவில்லை என்கிறான் வாட்ச்மேன். அவனுக்கு என்ன தெரியும்?

இதோ, அவளும் எழுதி முடித்துப் பேனாவை மூடுகிறாள்.

விதாத்