எட்டாம் நம்பர் செருப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். போனில் பேசினால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். அதனால்தான் கடிதம்.

சிங்கம் பார்க்கப் போகிற விஷயத்தில் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தால் சோறு வைக்க இடமில்லை. பிப்ரவரி என்றால் தான்சானியாவாம், காட்டு மாடுகள் அங்கேதான் கன்று போடுமாம். ஆகஸ்ட் என்றால் கென்யாவாம், அதே மந்தை ஆறு தாண்டி வருமாம். மாட்டுக்கும் இக்கரைக்கு அக்கரை பச்சைதான், ஆனால் அதுக்கு விசா வேண்டாம் என்று தினமும் ஒரு பிரசங்கம்.

எனக்குக் கென்யாதான். பெற்ற பிள்ளை இருக்கிற நாட்டை விட்டுவிட்டுப் பக்கத்து நாட்டில் போய் யானை பார்ப்பேனா? நீயோ தான்சானியாவையே பிடித்துக்கொண்டு நிற்கிறாய். முதலில் கென்யாவில் கூட்டம் என்றாய். பிறகு ஓட்டல் சரியில்லை என்றாய். போன வாரம் உன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாய். குழாய்க்கும் சிங்கத்துக்கும் என்னடா சம்பந்தம்? அப்பா நம்பிவிட்டார். அவருக்கு நீ சொன்னால் வேதவாக்கு.

இந்த மாதிரி பூட்ஸ் வாங்குங்கள் என்று உன்னுடையதைப் படம் பிடித்து அனுப்பினாயே, இருபத்தாறு வருஷமாகச் செருப்புக் கடையில் கால் அளக்கிறவளுக்கு அனுப்புகிற படமா அது? பூட்ஸை யார் பார்த்தார்கள். பின்னால் ஸ்டாண்டில் பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. அதற்குக் கீழே சிவப்பில் குட்டிச் செருப்பு, எட்டாம் நம்பர். நாலு வயது இருக்கும். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அந்த வயதில் உன் செருப்பும் அப்படியேதான் தேயும். வருஷத்துக்கு மூன்று ஜோடி வாங்கியவள் நான்.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் அழுதேன். நாலு வருஷம் எங்களை என்னவென்று நினைத்தாய்? மூன்றாம் நாள் கடையில் ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி எடுத்து வைத்தேன். வளருகிற கால், ஓர் அளவு கூடவே இருக்கட்டும். அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும். வருத்தப்படுவார், பிறகு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் பெட்டி கட்டுவார். டிக்கெட் அடுத்த மாதக் கடைசியில்தான் எடுக்கிறார். தான்சானியா என்றே நீ சொன்னால் அங்கேயே போய்க் கன்றுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். உன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க மாட்டோம். ஆனால் கென்யா என்று ஒரு வரி எழுதிவிடு, ராசா.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா

சிவப்பு கடையில் தீர்ந்துவிட்டது. நீலம் பிடிக்குமா என்று கேட்டு எழுது.