குதிகாலில் எழுதிய பெயர்

வேப்பம்பட்டு,
12.8.2025

ஏஞ்சல் அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். இல்லையென்றால், இதைப் பிரிக்கும் உங்கள் அக்கா முத்தம்மா அண்ணி ஒரு வரி போடட்டும்.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாதே. கார்பன் ஃபைபர் கழிவைப் பிரிக்கிறேன். உடைந்த சைக்கிள், தூண்டில் கழி, டிரோன் இறக்கை எல்லாம் வரும். அரைத்து, சூளையில் பசையை எரித்து, மிஞ்சும் நாரைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கறுப்புக் கம்பியாக இழுப்பார்கள். அந்தக் கம்பியை உருக்கி, பிரிண்டர் அடுக்கடுக்காகப் பொருள் செய்யும்.

இன்று காயலான்கடை மூட்டையிலிருந்து ஒரு செயற்கைப் பாதம் விழுந்தது. கணுக்காலில் விரிசல். திருப்பினேன். குதிகாலில் மஞ்சள் நெயில் பாலிஷில் 'ஏஞசல்'. ஞ-வுக்குப் புள்ளி இல்லை. அப்பா கால் தொலைந்துபோகக் கூடாதென்று நம் மகள் எழுதியது.

பக்கத்திலிருந்த லோகு, "இன்னாக்கா, பேயப் பாத்த மாதிரி நின்னுக்கினு கீற?" என்றான். போட்டிருந்தவர் எங்கே போனார் என்று யாரிடம் கேட்பேன்?

வேலை கிடைத்ததும் வருகிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போனீர்கள். பிறகு போனையும் அணைத்துவிட்டீர்கள். பாதத்தை மெஷினில் போடாமல் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

பியூலா


அத்திப்பட்டு,
18.8.2025

பியூலாவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நான் தலைமுழுகிய பொருள் உன் மேஜையிலா போய் விழ வேண்டும்?

குளியலறையில் வழுக்கி விழுந்தேன், பாதம் விரிசல் விட்டது. பரணில் கிடந்ததை அக்கா வீட்டுக்காரர் கலியன் மாமா மற்ற சாமான்களோடு காயலான்கடையில் போட்டுவிட்டார். போடச் சொன்னதே நான்தான். அவர், "வேற மாத்திக்கலாம் நைனா" என்றார். "இன்னாத்துக்கு மாமா, எங்க போவப் போறேன்" என்றேன். இங்கேயும் ஒற்றைக் காலனுக்கு யாரும் வேலை தரவில்லை. அக்கா சோறு போடுகிறாள், ஊன்றுகோல் இருக்கிறது.

ஏஞ்சலிடம் காட்டாதே. மெஷினில் போட்டுவிடு. கழிவுதானே, அதற்குத்தானே அந்த மெஷின். நீயும் இங்கே வராதே.

சாலமோன்


வேப்பம்பட்டு,
2.9.2025

ஏஞ்சல் அப்பாவுக்கு,

உயிரோடு இருப்பதற்கு ஸ்தோத்திரம். மற்றதற்கெல்லாம் உங்கள் மேல் கோபம்தான். எங்கள் கம்பெனியில் கழிவு என்று எழுதியிருப்பது உள்ளே வரும் வாசலில் மட்டும்தான்.

இன்ஜினியர் காயத்ரி மேடத்திடம் பாதத்தைக் காட்டி, இதிலிருந்தே இன்னொரு பாதம் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். நீள நார் அரைபட்டால் துண்டு நார்தான், உடம்பின் பாரத்தைத் தாங்கி வளையாதாம். அங்கேயே அழுதுவிட்டேன். "ஊன்றுகோலுக்குப் பிடி பண்லாம் பியூலா, அது தாங்கும்" என்றார்.

பாதத்தை மெஷினில் நானே போட்டேன். அரைக்கும் சத்தத்தைக் கேட்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டேன். பிடியில் மற்ற கழிவும் கலந்திருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

மேடம் உங்கள் கை அளவு கேட்டார். நீங்கள் என் கையைப் பிடித்தால் விரல் நுனி இதுவரை வரும் என்று மணிக்கட்டில் தொட்டுக் காட்டினேன். மேடம் சிரிக்காமல் அளந்துகொண்டார்.

பிடியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஏஞ்சலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிடியின் அடியில் பெயர் எழுதியிருக்கிறாள். இந்த முறை புள்ளி வைத்திருக்கிறாள்.

பியூலா


அத்திப்பட்டு,
9.9.2025

என் பியூலாவுக்கு,

மாமா பிடியை மாட்டித் தந்தார். பிடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. உன் கையைப் பிடித்த மாதிரியே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உன்னிடம் பொய்யை வைத்திருக்க முடியவில்லை.

நான் குளியலறையில் விழவில்லை. மார்ச்சில், ஏஞ்சல் பிறந்தநாளன்று, வேப்பம்பட்டு ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தேன். கேக் நசுங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கீழே நீ பூ வாங்கிக்கொண்டிருந்தாய், பக்கத்தில் ஏஞ்சல் புதுக் கவுனில் நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறி, அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரத்துக்கு வருகிறேன். அதே படிக்கட்டில்தான் இறங்குவேன். என்னைத் தாங்க மேலே ஏறி வராதே. அன்று நின்ற இடத்திலேயே, அவளையும் கூட்டிக்கொண்டு நில். இந்த முறை நான் கூப்பிடுகிறேன்.

சாலமோன்